மண் கொட்டும் இடம் எண் மூன்று

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். முதலில் பார்ப்பது குழாயை. பெண்ணின் அம்மா கை கழுவுகிற சாக்கில் வாசலுக்குப் போய்த் திறந்து பார்ப்பாள். தண்ணீர் வந்தால் பேச்சு வளரும். காற்று வந்தால் காபியைக் குடித்துவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று எழுந்துகொள்வார்கள். ஈச்சம்பள்ளத்துக்கு வந்துவிட்டு அப்படிச் சொல்லி அனுப்பாமலே போனவர்களைக் கூட்டினால் ஒரு டவுன் பஸ் நிறையும்.

ஈச்சம்பள்ளம் வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கிற ஒற்றைத் தெரு. நாற்பத்தெட்டு வீடுகள். வீட்டுக்கு வீடு குழாய் உண்டு, தண்ணீர்தான் எட்டு நாளைக்கு ஒரு தரம். வருகிறதும் போர் தண்ணீர். குடித்தால் பல்லில் காவி ஏறும். துணிக்கும் மாட்டுக்கும் ஆகும், அவ்வளவுதான். குடிக்கவும் சோறாக்கவும் பெண்கள் விடிந்ததும் குடத்தோடு ஓடைக்குப் போவார்கள். மலையிலிருந்து இறங்கும் அந்த ஓடையில் மணலைக் கையால் தோண்டினால் இரண்டடியில் ஊற்று. சொம்பால் மொண்டு துணியில் வடிகட்டி ஒரு குடம் நிறைய அரை மணி நேரமாகும். நான்கு முழம் தள்ளி இன்னொரு குழியில் மாடு குடிக்கும். ஊரிலிருக்கிற கஷ்டத்தையெல்லாம் வெளியாட்களிடம் கொட்டுகிற ஜனம், இந்த ஊற்றைப் பற்றி மட்டும் வாய் திறக்காது. மணலைத் தோண்டிக் குடிக்கிற ஊர் என்று பேராகிவிட்டால் எவன் பெண் கொடுப்பான்?

மாதம்மாளின் மகன் வீரமணிக்கு முப்பத்தைந்து முடிந்திருந்தது. தர்மபுரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். குடி கிடையாது, கடன் கிடையாது. ஏழு இடம் வந்து பார்த்து ஏழும் குழாயடியிலேயே முடிந்துபோனது. எட்டாவதாகப் பொம்மிடியிலிருந்து, ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற முருகேஷ் என்பவர் தன் மகள் பூவிழிக்காக மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று தெரிந்ததும், மாதம்மாள் இந்தத் தடவை விடுவதில்லை என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பச்சியப்பனின் மாடியில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி இருந்தது. சனிக்கிழமையே டிராக்டர் தண்ணீர் வாங்கி அதில் ஏற்றியாயிற்று. அங்கிருந்து ரப்பர் ஓஸ் இழுத்து, மண்ணைக் கீறிப் புதைத்து, தன் வீட்டு வாசல் குழாயோடு கோத்துவிட்டாள். திறந்தால் அருவிமாதிரி கொட்டியது. அப்புறம் தெரு முழுக்க ஒரு நடை நடந்தாள்.

"நாளைக்கு வெளியாளு யாரு வந்து தண்ணியப் பத்திக் கேட்டாலும் பைப்புன்னு சொல்லுங்க. தெனமும் வருதுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"உம் மவனுக்குன்னா சொல்லமாட்டமா? நாளைக்கு எம் மவனுக்கு நீ சொல்லப்போற," என்றாள் எதிர்வீட்டுத் தங்கம்மாள்.

இதுவரைக்கும் ஒரு குற்றமும் இல்லை. ஊருக்கு ஊர் நடக்கிறதுதான். வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது, அதுவும் அந்த வீட்டுப் பெண்ணாலேயே.

வீரமணியின் தங்கை சுகுணா கல்யாணமாகித் தர்மபுரி டவுனில் இருக்கிறாள். வேலை சேலத்துக் கம்பெனி ஒன்றில். ஆற்றின் உபரி நீரை மோட்டார் வைத்து ஏற்றி, வாய்க்கால் வெட்டி, அடிவாரத்து ஏரிகளையெல்லாம் நிரப்புகிற பெரிய திட்டம் ஒன்று பல வருஷப் பேச்சுக்குப் பிறகு அசைய ஆரம்பித்திருந்தது. அந்த மாதிரித் திட்டம் வந்தால் எந்தக் காடு அழியும், எந்த ஓடை மறையும், யார் வீட்டுக்கு என்ன நஷ்டம் என்று ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். பிறகு வனத்துக்கு ஒரு மேசை, நீருக்கு ஒரு மேசை என்று அனுமதி வாங்க வேண்டும். இத்தனையையும் ஒருங்கிணைக்கிற வேலை சுகுணாவுக்கு. சுருக்கமாகச் சொன்னால் ஃபைலோடு ஃபைலாக அலைகிற வேலை. கெட்டிக்காரி என்று ஆபீசில் பேர்.

கெட்டிக்காரி என்பதால்தான் அண்ணனுக்குப் பெண் வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமையையே ஈச்சம்பள்ளத்துக் கணக்கெடுப்புக்கும் குறித்தாள். லீவு போடாமல் வீட்டிலும் இருந்த மாதிரி ஆகும், வேலையும் நடந்த மாதிரி ஆகும். கணக்கெடுக்க இரண்டு பெண்களைக் கூட்டி வந்திருந்தாள். முதல் வீடு அவள் பிறந்த வீடே. முருகேஷும் அவர் மனைவியும் கட்டிலில் உட்கார்ந்து தட்டிலிருந்த முறுக்கை எடுக்கிற நேரம், அந்தப் பெண்களில் ஒருத்தி வாசற்படியில் நின்று பதினாலாவது கேள்வியைக் கேட்டாள்.

"குடிக்கிற தண்ணி எங்கிருந்து எடுக்கறீங்க? குழாயா, போரா, ஓடை ஊத்தா?"

மாதம்மாள் மகளைப் பார்த்தாள். வீரமணி தரையைப் பார்த்தான். முருகேஷின் மனைவி முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"குழாய்னு போடு," என்றாள் சுகுணா. குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

முருகேஷ் தலையை ஆட்டிக்கொண்டார். "மலையடிவாரமில்ல, தண்ணிக்கு என்னா பஞ்சம்," என்றார். அன்றைக்கு மத்தியானம் அவர்கள் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பிடிக்காத வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள், காபிகூடக் குடிப்பார்கள், சாப்பாட்டில் கை நனைக்கமாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். முருகேஷ் இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினார்.

சாயந்தரம் கணக்கெடுப்புத் தாள்களைப் புரட்டியபோது சுகுணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வீட்டிலும் குழாய். தெருக்காரர்களுக்குப் பெண் வீட்டார் யார், கணக்கெடுக்க வந்தவர்கள் யார் என்று தெரியவில்லை. வெளியாள் கேட்டால் பைப்பு என்று சொல்லச் சொன்னாள் மாதம்மாள், சொன்னார்கள். மறுபடி ஒரு நாள் வந்து சரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று சுகுணா நினைத்தாள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம் வந்தது. அதற்கடுத்து வனத்துறைக்கு மர எண்ணிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நாள் வரவே இல்லை.

வைகாசியில் கல்யாணம். கல்யாணமான மூன்றாம் நாள் காலையில் மாதம்மாள் மருமகளிடம் குடத்தை நீட்டினாள். நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. பூவிழி வாசல் குழாயை ஒரு தடவை பார்த்தாள், குடத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"எவ்ளோ தூரம் அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் அவள் அம்மா ஃபோனில் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, "வருதும்மா, தெனமும் வருது," என்றாள். அடுப்படியிலிருந்து அதைக் கேட்ட மாதம்மாள் களிக்கோலைப் பானையிலேயே விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நின்றாள். ஒரு பெண்ணைப் பொய் சொல்லிக் கூட்டிவந்தது போதாதென்று அவளையும் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது.

ஆடி மாதம் சுகுணா அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் வெட்டுகிற மண்ணைக் கொண்டுபோய்க் கொட்ட ஐந்து இடங்கள் குறித்திருந்தார்கள். மூன்றாவதைப் படத்தில் பார்த்ததும் அவள் விரலை அங்கேயே நிறுத்தினாள். ஈச்சம்பள்ளத்து ஓடை. ஊற்று இருக்கிற அதே வளைவு. அதன்மேல் முப்பதடி உயரத்துக்கு மண்.

அறிக்கைக்குப் பொறுப்பாளரான மதியழகனிடம் ஓடினாள்.

"சார், மூணாம் நம்பர் எடத்த மாத்த முடியாதுங்களா?"

"ஏம்மா? ரோடு பக்கத்துலயே இருக்கு. பொறம்போக்கு. வெறும் மணலோடை. யாரும் புழங்கறதில்லைன்னு நீ குடுத்த கணக்கே சொல்லுதே."

"ஒருவேள யாராச்சும் தண்ணி எடுத்தா..."

"எடுக்கறாங்களா?"

சுகுணா கையிலிருந்த படத்தை மடித்தாள். எடுக்கிறார்கள் என்று சொன்னால், அப்புறம் ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்பார்.

மதியழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரு. ஆவணி கடைசில மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. அதுல ஒரே ஒருத்தர் எந்திரிச்சு, இங்க தண்ணி எடுக்கறோம்னு சொன்னாப் போதும். வீடியோல பதிவாகும், நாம பதில் சொல்லியே ஆகணும், எடத்த மாத்தியே ஆகணும். ஒருத்தரும் சொல்லலைன்னா மண்ணு அங்கதான் விழும்."

அந்த ஒருத்தரைத் தேடி அவள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தாள். அப்படித் தேட வேண்டியிருக்கிறதே என்று பஸ்ஸில் வரும்போதே கூசியது.

மழை பெய்து இரண்டு நாளாகியிருந்தது. ஓடை மணல் ஈரமாக இருந்தது. மாதம்மாள் குழிக்குள் குத்த வைத்து மொண்டுகொண்டிருந்தாள். பூவிழி துணியைப் பிடித்திருந்தாள். சுகுணா கரையில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

மாதம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். "எங்க, இந்தக் குழி மேலயா?"

"ஆமாம்மா. முப்பதடி ஒசரத்துக்கு."

"யாரு குறிச்சாங்க இத?"

"நம்ம சொன்னத வெச்சிதான் குறிச்சிருக்காங்க. அன்னிக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வந்தப்ப எடுத்த கணக்கு."

மாதம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அதுக்கு இப்ப என்னா பண்ணச் சொல்ற?"

"கூட்டத்துல எந்திரிச்சு, நாங்க இந்த ஊத்துத் தண்ணிதான் குடிக்கறோம்னு ஒரு வார்த்த சொல்லும்மா."

"நானா? மைக்குலயா?" அவள் குரல் ஏறியது. "எந்த மண்டபத்துல நடக்குது?"

"நம்ம வீரமணி அண்ணன் கல்யாணம் நடந்த மண்டபத்துலதான்."

"நல்லா இருக்குதுடி. அதே மண்டபத்துல நின்னு, மணலத் தோண்டிக் குடிக்கறோம், பைப்புன்னு சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்லட்டுமா? சம்மந்தி மூஞ்சில எப்படி முழிப்பேன்? பொம்மிடிப் பக்கத்து ஏரிக்கும் தண்ணி வருதுன்னு அங்கருந்து வேனு புடிச்சி வராங்களாம். அவரும் வருவாரு."

"அப்ப பச்சியப்பண்ணன சொல்லச் சொல்லு."

"அவம் பையனுக்கு அடுத்த மாசம் பொண்ணு பாக்க வராங்க. ஓஸு இன்னும் அங்கயேதான் கெடக்கு."

"தங்கம்மா சின்னம்மா?"

"அவளுக்குக் கல்யாணத்துக்கு ரெண்டு பசங்க நிக்கறாங்க. யாருடி சொல்லுவா? நீயே சொல்லு பாக்கலாம்."

அதுவரை பேசாமலிருந்த பூவிழி துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "அக்கா, ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள். வயதில் சின்னவள் என்பதால் நாத்தனாரை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"கேளுங்க அண்ணி."

"குடிக்கறவங்கதான் சொல்லணுமா? தப்பா எழுதினவங்க சொல்லக்கூடாதா?"

அதில் குத்தல் இல்லை. தெரியாமல் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். "நான் சொன்னா வேல போயிரும் அண்ணி," என்றாள் சுகுணா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே கேட்டது. பூவிழி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கரையேறினாள். ஏறும்போது ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை. இரண்டு மாதத்தில் பழகிவிட்டிருந்தாள்.

ஆவணிக் கடைசியில் கூட்டம் நடந்தது. கல்யாணத்துக்குக் கட்டிய வண்ணத் துணியே மேடையில் தொங்கியது. மணமக்கள் நாற்காலி இருந்த இடத்தில் தலைமை வகித்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஓரமாக ஒரு மேசை போட்டு, பேசுகிறவர்கள் சொல்வதை ஆபீஸ் குமாஸ்தாவோடு சேர்ந்து சுகுணாவும் எழுதினாள். எல்லா ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். பேசியவர்களெல்லாம் ஒன்றைத்தான் சொன்னார்கள்: சீக்கிரம் வெட்டுங்க, எங்க ஏரிக்குத் தண்ணி விடுங்க. ஒருத்தர் அழவே அழுதார். மூன்றாவது வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முருகேஷ் உட்கார்ந்திருந்தார். ஈச்சம்பள்ளத்துக்காரர்கள் கடைசி வரிசையில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

"வேற யாராவது?" என்று அதிகாரி கேட்டு, தண்ணீர் பாட்டிலை மூடினார்.

பூவிழி எழுந்தாள். மாதம்மாள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தது மேசையிலிருந்த சுகுணாவுக்குத் தெரிந்தது. பூவிழி அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு முன்னால் வந்து மைக்கைப் பிடித்தாள்.

"எம் பேரு பூவிழி. ஈச்சம்பள்ளம். மூணாம் நம்பருன்னு மண்ணு கொட்றதுக்கு எடம் போட்டிருக்கீங்க, அங்க ஊத்து இருக்குதுங்க. எங்க தெருவுல நாப்பத்தெட்டு வூடும் அந்தத் தண்ணிதான் குடிக்கறோம். மண்ண வேற பக்கம் கொட்டுங்க."

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "நாப்பத்தெட்டு வீட்லயும் குழாய்த் தண்ணின்னு இருக்கேம்மா?"

"அது நாங்க தப்பாச் சொல்லிட்டோம் சார்."

நாங்க என்றாள். அந்தக் கணக்கு எடுத்த அன்றைக்கு அவள் பொம்மிடியில் இருந்தாள்.

"கணக்கெடுத்தது யாரு?"

பூவிழி மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோ ரெண்டு பொண்ணுங்க வந்தாங்களாம் சார். பேரு தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு இடத்துக்குப் போனாள். மூன்றாவது வரிசையைத் தாண்டும்போது தலை குனிந்துகொண்டாள். முருகேஷ் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகுணா அதையும் எழுதினாள். யாரோ இரண்டு பெண்கள், பெயர் தெரியாது. ஏமாற்றிக் கூட்டிவந்த பெண் தனக்காக இன்னொரு பொய்யும் சொல்லிவிட்டுப் போகிறாள். இவள் பேனாவைப் பிடித்து அதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். தூ என்று தன் மேலேயே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

கூட்ட முடிவில் பதிவானதையெல்லாம் எல்லோரும் கேட்க வாசித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. "நீங்களே தமிழ்ல வாசிச்சிருங்கம்மா," என்றார் அதிகாரி. சுகுணா மைக்கின் முன்னால் நின்றாள். ஒவ்வொரு பெயராக வாசித்து வந்தாள். ஈச்சம்பள்ளம் பூவிழி என்ற இடம் வந்தது. "கணக்கெடுத்தவர்கள் யாரோ இரண்டு பெண்கள், பெயர்..." என்றவள் அதற்கு மேல் வாசிக்க முடியாமல் நின்றாள். வீடியோ எடுப்பவன் கேமராவைத் தூக்கி அவள் பக்கம் திருப்பினான்.

"இதுல ஒரு திருத்தம் இருக்குதுங்க சார்."

"என்னம்மா?"

"கணக்கெடுத்தது நான்தான். சுகுணா. நானும் ஈச்சம்பள்ளத்துப் பொண்ணுதான். எங்க வூட்டுக்குக் குழாய்னு போடச் சொன்னது நான். மத்த வூட்டுக்கும் அது பொய்யின்னு தெரிஞ்சேதான் விட்டேன். அந்த ஊத்துத் தண்ணிய எடுத்து ஒரு டெஸ்டுகூடப் பண்ணலைங்க."

மதியழகன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி பேனாவைக் கீழே போட்டார். "படிச்ச பொண்ணு. எதுக்கும்மா இப்படிப் பண்ணுனே?"

"அன்னிக்கு எங்க அண்ணனுக்குப் பொண்ணு குடுக்க வந்திருந்தாங்க சார்."

யாரோ ஒருத்தன் சிரித்தான். அடுத்து ஒரு வரிசை சிரித்தது. அப்புறம் மண்டபமே சிரித்தது. அதிகாரிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். கெட்ட எண்ணத்தில் சிரித்தவர்கள் இல்லை, பாதிப் பேர் வீட்டில் அதே மாதிரி ஓஸ் புதைந்து கிடக்கும். ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு நடுவில் சுகுணா நின்றது, துணியில்லாமல் நின்ற மாதிரி இருந்தது. கடைசி வரிசையில் மாதம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தனை பேரில் சிரிக்காதவர் முருகேஷ் ஒருத்தர்தான்.

மண் கொட்டும் இடத்தை மாற்ற வேண்டும், ஓடையை மறுபடி ஆய்வு செய்ய வேண்டும் என்று பதிவாகிக் கையெழுத்தும் ஆனது. ஊற்று பிழைத்தது. "நாளைக்கு ஆபீஸ்ல வந்து பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு மதியழகன் காரில் ஏறினார்.

அன்றைக்குச் சாயந்தரம் முருகேஷ் ஈச்சம்பள்ளத்துக்கு வந்தார். வேனை ரோட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நடந்து வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். வீரமணி எழுந்து சுவரோரம் நின்றான். சுகுணா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"குடிக்கத் தண்ணி குடும்மா," என்றார் மகளிடம்.

மாதம்மாள் பதறிப்போனாள். போன தடவைகளில் அவருக்குக் கேன் தண்ணீர்தான் கொடுத்திருந்தார்கள். இன்றைக்குக் கேன் இல்லை. "கடைக்கு ஆளு அனுப்பறேன், செத்த இருங்க சம்மந்தி," என்றாள்.

"வூட்ல இருக்கறதக் குடுங்க."

பூவிழி குடத்திலிருந்து மொண்டு கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து குடித்தார். நிறுத்தி, இன்னொரு வாய் குடித்தார். ரயில்வே குவார்ட்டர்சில் இருபது வருஷம் போர் தண்ணீர் குடித்துப் பல் காவியேறிய மனிதர். சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"தேனாட்டம் இருக்குது," என்றார். "இந்தத் தண்ணியவா மறைச்சீங்க?"

"மாமா, எல்லாம் என் தப்புதான்," என்று சுகுணா கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். அவர் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருந்தாலும் பொண்ணு குடுத்திருப்பனா, மாட்டனான்னு எனக்கே தெரியல கண்ணு. அதயும் யோசிச்சிக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா எம் பொண்ணு மூணு மாசமா எனக்கே பொய் சொல்லியிருக்கா பாரு. அவ பொய் சொல்லி நான் பாத்ததில்ல."

பூவிழி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாதம்மாள் அவசரமாக அடுப்படிக்குப் போனாள். களி கிண்டியாகியிருந்தது, கொள்ளு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டைக் கழுவி வைத்தாள். கை கழுவச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க சம்மந்தி. கை கழுவுங்க."

முருகேஷ் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். மகளின் தலையில் ஒரு தடவை கை வைத்தார்.

"இன்னொரு நாளைக்கு வரேனுங்க," என்றார். "வேன்ல ஆளுங்க காத்திருக்காங்க."

அவர் தெருவின் கடைசி வரைக்கும் நடந்து, பச்சியப்பன் வீட்டைத் தாண்டி, ரோட்டில் ஏறுகிறவரை யாரும் உள்ளே போகவில்லை. மாதம்மாள் கையிலிருந்த சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.